அட்டை இல்லாத புக்குல இருந்து ஒரு லைன்

ஸ்டேட்டஸ்ல தெனம் கோட்ஸ் போடுற கேங்கு, உங்களத்தான். படிச்ச புக்குல புடிச்ச லைன போட்டோ எடுத்து, மஞ்ச கலர் அடிச்சி, பக்கத்துல ஒரு காபி கப்ப வெச்சி போடுறீங்களே, செம. நானும் போடுறேன், இல்லன்னு சொல்லல. ஆனா எங்க ஊட்ல ஒரு லைனால ஒரு கல்யாணமே நடந்துச்சி. லவ் மேரேஜ்னு நெனச்சிடாதீங்க. லவ்வும் கெடயாது, ஆளும் கெடயாது, வெறும் லைன் மட்டும்தான். மேட்டர் கொஞ்சம் பெருசு. ட்ரெயின்ல சீட்டு கெடச்சிருந்தா படிங்க. கடைசில உங்ககிட்ட ஒன்னு கேக்கணும், அதுக்குத்தான் இவ்ளோ வேகமா தட்டிக்கினு இருக்கேன்.

நான் அஞ்சாவது முடிச்ச லீவு அது. அக்கா ப்ளஸ் டூ எழுதிட்டு ரிசல்ட்டுக்கு வெயிட்டிங். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுக்குப் பின்னாடி லைன் ஊடு எங்களுது. நைனாவுக்கு கம்பி மில்லுல வேலை. நெருப்பா பழுத்து வர்ற கம்பிய இடுக்கில புடிச்சி திருப்பி உடணும். குளிச்சாலும் அவரு மேல இரும்பு வாசன போவாது. கொடியில காயப்போட்ட வெள்ள சட்ட சாயங்காலத்துக்குள்ள சாம்ப கலர் ஆயிடும். அதுக்கெல்லாம் யாரும் பேஜாரு ஆவ மாட்டாங்க. உதறி மடிச்சி வெப்பாங்க, அவ்ளோதான்.

அம்மா பழைய பேப்பர் குடோன்ல வேலை. சென்னையில இருந்து லோடு லோடா வரும். பேப்பரு, நோட்டு, புக்கு. வெள்ள தனி, கலர் தனி, அட்ட தனியா பிரிச்சி போடணும். புக்கு வந்தா மொத வேல அட்டைய கிழிக்கிறது. பளபளன்னு பிளாஸ்டிக் ஒட்டுன அட்ட கூழுல கரையாதாம், பேப்பர் மில்லுக்காரன் திட்டுவானாம். அதனால எங்கம்மா கைல வந்த எந்த புக்குக்கும் பேரு கெடயாது, எழுதுனவங்க கெடயாது. சர்ர்ருன்னு ஒரு சத்தம், அதோட அது வெறும் எடை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும். தராசு இருக்குற எடத்துல நம்பர் தெரியாம பொழைக்க முடியாது.

அக்கா கெஞ்சி கெஞ்சி, தெனம் ஒரு புக்க ஊட்டுக்கு எடுத்தாற மேஸ்திரிகிட்ட பர்மிஷன் வாங்க வெச்சிட்டா. கண்டிஷன் இன்னான்னா, மறுநாள் காலையில திருப்பி வந்துடணும், எடை கொறையக் கூடாது. அம்மாவும் டிபன் பாக்ஸு கூட ஒரு புக்க கூடையில போட்டுக்கினு வருவா. எந்த புக்குன்னு பாக்க மாட்டா. "இந்தாடி, இன்னிக்கி குண்டா ஒன்னு கொணாந்தேன்," அப்டீன்னு குடுப்பா. எங்கம்மாவுக்கு நல்ல புக்குன்னா குண்டு புக்கு.

ஒரு புக்கு, ஒரு சாயங்காலம். படிச்சத வெச்சிக்க முடியாது. அதனாலதான் அக்கா லைன் எடுத்து வெக்க ஆரம்பிச்சா. அவளுக்குன்னு ஒரு ரூல் இருந்துச்சி. ஊட்டு செவுத்துல தேதி காலண்டர் தொங்கும், இரும்புக் கடைக்காரரு வருஷா வருஷம் குடுக்கறது. நைனா ஷிஃப்ட் முடிஞ்சி வந்து குளிச்சிட்டு சாமி கும்புட்டு, அன்னிக்கி சீட்ட டர்ருன்னு கிழிப்பாரு. மத்தவங்க ஊட்ல அதுல துண்ணூறு மடிப்பாங்க. எங்கூட்ல அக்கா புடுங்கிப்பா. அந்த சீட்டு பின்னாடி வெள்ளையா இருக்குமே, அங்கதான் எழுதுவா. மெல்லிசு பேப்பரு, அழுத்தி எழுதுனா முன்னாடி தேதி மேலயே எழுத்து முட்டிக்கினு தெரியும்.

"நோட்டுல எழுதேன் க்கா," னு கேட்டேன்.

"நோட்டுல எழுதுனா எல்லாத்தையும் எழுதிடுவேன்டி. இந்த சீட்டுக்குள்ள அடங்கணும். அடங்கலன்னா அது நல்ல லைனு இல்ல."

எழுதி முடிச்சி, கரண்ட் பில்லு, கேஸ் பில்லு எல்லாம் குத்தி வெப்போமே கம்பி, நைனா மில்லுல இருந்து வளைச்சி எடுத்தாந்தது, அதுல சொருவிடுவா. நடு ஊட்ல, எல்லாரும் பாக்குற எடத்துல தொங்கும். ஒளிச்சி வெச்சிருந்தா தப்பிச்சிருப்பா.

ராத்திரி பாய் போட்டதும் எனக்கு வாசிச்சி காட்டுவா. எனக்கு பாதி புரியாது. ஆனா அவ வாசிக்கும்போது வாய்ஸ் மாறும். எங்க ஊட்டு பேச்சு இல்லாம, ரேடியோல வர்ற மாதிரி. 'உப்பு இல்லாத கடல் ஒன்று இருந்தால் அங்கேயே குடியேறிவிடுவேன்'னு ஒன்னு. 'அவன் சிரித்தால் சைக்கிள் மணி அடிப்பது போலிருக்கும்'னு ஒன்னு. அதுக்கு நான் உழுந்து உழுந்து சிரிச்சேன்.

நைனாவுக்கு இதெல்லாம் பெருமதான். அவளுக்கு தமிழ் எடுத்து படிக்க ஆச. பொன்னேரி பக்கம் காலேஜ்ல சேக்கறதா நைனா வாய் உட்டே சொல்லிட்டாரு. எங்க லைன்ல காலேஜ் போற மொத பொண்ணு. பக்கத்து ஊட்டு அக்காங்க இப்பவே கலாய்க்க ஆரம்பிச்சிட்டாங்க. "இன்னா டீச்சரம்மா, தண்ணி புடிக்க நீங்களே வந்துட்டீங்க?" ன்னுவாங்க. அக்கா கொடத்த இடுப்புல வெச்சிக்கினு, "லீவு டைம்ல மட்டும்தான் வருவேன்," அப்டீன்னு கெத்தா போவா.

அப்பறம் அந்த டீ கறை புக்கு வந்துச்சி.

நடுப் பக்கத்துல யாரோ டீ கொட்டி, வட்டமா கறை. அட்ட கெடயாது, வழக்கம் போல அம்மாவே கிழிச்சது. அக்கா அடுப்பு மேல பால வெச்சிட்டு படிச்சா, பால் பொங்கி ஊத்துச்சி. அவ நிமிரல. கத இன்னான்னு கேட்டேன். ரொம்ப தூரத்து ஊர்ல நர்ஸ் வேல பாக்குற ஒரு பொண்ணு. ஊட்ல சண்ட போட்டுக்கினு போனவ. அவ அம்மாவுக்கு ஒவ்வொரு லெட்டரா போடுறா, பதிலே வரல.

அன்னிக்கி அவளுக்கு லைன் மேல லைன். நைனா கிழிச்ச சீட்டெல்லாம் தீந்துபோச்சி. இன்னும் ஒரு லைன் பாக்கி. அக்கா காலண்டர பாத்தா. நேரா போயி, சீட்ட எல்லாம் தூக்கி, உள்ள எங்கியோ நடுவுல இருந்து ஒன்ன நைசா இழுத்துட்டா.

"க்கா! அந்த நாளு வரும்போது இன்னா பண்ணுவ?"

"ஒரு நாளு இல்லன்னா ஒன்னும் ஆவாதுடி. எவன் எண்ணப் போறான்?"

அதுல எழுதுனது இதுதான். இன்னிக்கும் எனக்கு மனப்பாடம்.

'அந்த நாள் வந்ததும் நான் கிளம்பிவிடுவேன். கதவை மட்டும் தாழ் போடாமல் வை.'

எழுதிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கினே இருந்தா. கம்பியில சொருவுனா. காலையில புக்கு அம்மா கூடையில திரும்பிப் போயிடுச்சி.

கொஞ்ச நாள் கழிச்சி மாமா வந்தாரு. அம்மாவோட தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு. அவரு வந்தாலே ஊடு கலகலன்னு இருக்கும், எனக்கு கம்மர்கட்டு, அம்மாவுக்கு வெத்தல. அப்பதான் சொந்தமா ஒரு ஊடு கட்டி முடிச்சிருந்தாரு, ஒத்த ரூம்தான், ஆனா சொந்தம். ஆவணில குடி போவணும்.

"கோயில் ஐயரு ஒரு தேதி சொன்னாரு க்கா, பன்னெண்டு. நல்ல முகூர்த்தமாம். எத்தினி மணிக்கின்னு காலண்டர்ல பாத்து சொல்லு."

அம்மா காலண்டர மடியில வெச்சிக்கினு நம்பர் நம்பரா தள்ளுனா. நைனா தட்டுல கை வெச்சி சாப்ட்டுக்கினு இருந்தாரு.

"பதினொன்னு கீது. அடுத்தது பதிமூணு கீதுடா."

"ரெண்டு சீட்டு ஒட்டிக்கினு இருக்கும், நல்லா பாரு."

"ஒட்டலடா. கிழிச்சிருக்கு."

அக்கா மொகத்த நான் பாத்தேன். பயமே இல்ல அதுல. "நான்தான் மா கிழிச்சேன், எழுதறதுக்கு. கம்பியில கீது பாரு," ன்னு அவளே சொன்னா. சொல்லிட்டு ரசம் ஊத்தப் போயிட்டா.

மாமா கம்பியில தேடுனாரு. முன்னாடி பன்னெண்டு, கீழ சின்னதா 'சுபமுகூர்த்த நாள்'. திருப்புனாரு. பின்னாடி அக்கா கையெழுத்து. மனசுக்குள்ள படிச்சாரு. அப்பறம் சத்தமா படிச்சாரு. ஒவ்வொரு வார்த்தையா, எங்கம்மாவுக்குப் புரியிற மாதிரி.

ரசம் ஊத்துற கரண்டி தட்டுல டங்குன்னு பட்டுச்சி.

"கெளம்பறதுக்கு நாளே குறிச்சிட்டியாமே?" ன்னாரு மாமா.

"அய்ய, மாமா, அது புக்குல இருந்துது."

"எந்த புக்கு?"

"அம்மா கொணாந்த புக்கு."

"பேரு இன்னா?"

"அட்ட இல்ல மாமா."

"எழுதுனவன்?"

"அதான் அட்ட இல்லன்னு சொல்றேன்ல."

"சரி, புக்க எடு."

"குடோனுக்கு திரும்பிப் போயிடுச்சி."

மாமா அம்மாவப் பாத்தாரு. "அட்ட இல்லாத புக்கு, பேரு இல்லாத ஆளு. எப்டி கீது க்கா கத?"

"எங்கைல வந்த புக்குல இந்த மாதிரி எழவெல்லாம் இருக்குமா?" ன்னா அம்மா. கேள்வி மாதிரியே இல்ல அது. முடிவு பண்ணிட்டா.

"ம்மா, நானும் பாத்தேன் மா, அந்த புக்குல டீ கறை..." ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ வாய மூட்றி. உன்ன காவலுக்கு வெச்சிக்கினு தான் எல்லாம் நடந்திருக்கா?"

அப்பறம் நடந்தத இப்ப யோசிச்சா காமெடி. அன்னிக்கி யாரும் சிரிக்கல. மாமா கம்பியில இருந்த சீட்டு எல்லாத்தையும் உருவி தரையில பரப்பிட்டாரு. ஒன்னு ஒன்னா முன்னாடி தேதி, பின்னாடி லைன்.

"கடல்னு போட்ருக்கு. பழவேற்காட்டுப் பையனா இருப்பானோ?"

"அங்க நமக்கு யாரும் தெரியாதேடா."

"இதுல சைக்கிள் மணியாம். உங்க லைனுக்கு சைக்கிள்ல எவன் வர்றான்?"

அம்மா யோசிச்சா. "கேன் தண்ணி போடுற பையன்."

"தேதி இன்னா... இருபது. இருபதாம் தேதி யாரு வந்தா ஊட்டுக்கு?"

"அன்னிக்கி கேஸ் வந்துச்சி."

"அப்ப கேஸ்காரனா?"

நைனா மெதுவா சொன்னாரு, "புள்ள பொய் சொல்ற மாதிரி தெரியலப்பா."

"மாமா, நீ விடியகாத்தால போயி பொழுது சாஞ்சி வர்ற ஆளு. ஊட்ல நடக்குறது உனக்கு இன்னா தெரியும்?" ன்னு எங்க மாமா அவர மடக்கிட்டாரு. நைனாவுக்கு கம்பிய திருப்ப தெரியும். பேச்ச திருப்ப தெரியாது. கை கழுவ எழுந்து போயிட்டாரு.

அக்காவுக்கு அப்பதான் பயம் வந்துச்சின்னு நெனைக்கிறேன். கேன் தண்ணி அண்ணன இழுக்காதீங்கன்னு கத்துனா. அது இன்னும் தப்பாப் போச்சி. அவனுக்காக கத்துறாளாம். வாய மூடிக்கினா. அதுவும் தப்பு. பேர சொல்ல மாட்டேங்கறாளாம்.

அதுக்கப்பறம் அம்மா தெனம் கேட்டா. திட்டல, அடிக்கல. சோறு போடும்போது, தல வாரும்போது, தண்ணி புடிக்கும்போது, கொரல தாழ்த்தி ஒரே கேள்வி. "யாருடி அவன்?" இல்லாத ஒருத்தனுக்கு அக்கா எங்க போயி பேர் தேடுவா? ஒரு நாள் கடுப்புல, "நானே ஒருத்தன கண்டுபுடிச்சி சொல்லிட்டா உட்டுருவியா மா?" ன்னு கேட்டா. அம்மா சீப்ப கீழ வெச்சிட்டு அழுதா.

நான் ஒன்னு பண்ணேன். புக்க காட்டுனா முடிஞ்சிதுல்ல? அம்மாவுக்கு மதிய சோறு எடுத்துக்கினு போற சாக்குல குடோனுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ பேப்பர் மல. ஈரமும் தூசியும் கலந்த ஒரு வாசன, மூக்குல ஏறுனா சாயங்காலம் வரைக்கும் போவாது. அம்மா அந்தாண்ட அட்ட பிரிச்சிக்கினு இருந்தா. நான் இந்தாண்ட வெள்ள குவியல் மேல ஏறிட்டேன்.

"இன்னா மேடம், இன்ஸ்பெக்ஷனா?" ன்னு ஒரு அக்கா சிரிச்சா.

மேஸ்திரி வந்தாரு. "பாப்பா, எறங்கு. சரிஞ்சா உள்ள போயிடுவ. இன்னா தேடற?"

"ஒரு புக்கு. அட்ட இருக்காது. நடுவுல டீ கறை இருக்கும். ஒரு நர்ஸ் கத."

அவரு சுத்திப் பாத்தாரு. எங்க பாத்தாலும் அட்ட இல்லாத புக்கு. "இங்க வர்றதுல பாதி டீ கறதான் பாப்பா. எப்ப வந்தது?"

சொன்னேன்.

"அந்த லோடு மறுநாளே மில்லுக்கு போயிடுச்சி. இந்நேரம் கூழாயி, காஞ்சி, அட்டப்பொட்டியே ஆயிருக்கும்."

"அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அது புக்குதான்னு."

"நான் எங்க பாப்பா படிச்சேன்? எனக்கு கிலோ மட்டும்தான் தெரியும்."

அந்தாளு மேல தப்பே இல்ல. அதான் கடுப்பு. யாரு மேலயும் தப்பு இருக்க மாட்டேங்குது.

அதோட அம்மா புக்கு கொண்டார்றத நிறுத்திட்டா. அந்த பன்னெண்டாம் தேதி சீட்ட அடுப்புல காட்டிட்டா. மத்ததெல்லாம் தரையோட பெருக்கித் தள்ளுனா. கம்பியில கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் மட்டும் தொங்குச்சி.

ரிசல்ட் வந்துச்சி. தமிழ்ல அக்காதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட். மாமா ஒரு கிலோ ஸ்வீட் வாங்கிக்கினு வந்தாரு, கூடவே ஒரு மாப்ள போட்டோவும். அவரு ஃப்ரெண்டோட தம்பி, கடம்பத்தூர் பக்கம், காக்களூர் கம்பெனில வேல, குடி கெடயாது.

"எப்ப வெச்சிக்கலாம்?" ன்னாரு நைனா. கேட்டுட்டு தரையப் பாத்தாரு. காலேஜ் பேச்சு அந்த ஒரு கேள்வியில முடிஞ்சிது.

"அதே பன்னெண்டுதான்," ன்னாரு மாமா. "அன்னிக்கி மண்டபத்துல சொந்தம் மொத்தமும் கண்ணு முன்னாடி இருக்கும். எவன் வந்து கூட்டிக்கினு போறான்னு பாத்துடறேன்."

"உன் ஊடு குடி போற நாளுடா அது," ன்னா அம்மா.

"ஊடு எங்க க்கா ஓடப் போவுது? புள்ளதான் முக்கியம்."

அந்தாளு பாசத்துலதான் சொன்னாரு. ஆட்டோ ஓட்டி ஓட்டி கட்டுன ஊட்ட பூட்டி வெச்சிட்டு, அந்த நாள எங்க அக்காவுக்குக் குடுத்தாரு. அவர எப்டிங்க திட்டுறது?

சீர் சாமான்ல ஒரு மிக்ஸி வந்துச்சி, பெரிய பழுப்பு கலர் அட்டப்பொட்டியில. எல்லாரும் மிக்ஸிய பாத்துக்கினு இருந்தாங்க. நான் பொட்டிய எடுத்துக்கினு மூலைக்குப் போனேன். மேஸ்திரி சொன்னது மண்டைக்குள்ளயே இருந்துச்சி. தண்ணி தொட்டு தொட்டு ஒவ்வொரு தோலா உரிச்சேன். ஒரு எழுத்தாவது உள்ள மாட்டிக்கினு இருக்காதான்னு. மஞ்ச கூழுதான் நகத்துல ஒட்டுச்சி. அக்கா வந்து பக்கத்துல ஒக்காந்தா. இன்னா பண்றேன்னு கேக்கல. அவளும் ஒரு தோல உரிச்சா.

கல்யாணத்தன்னிக்கி காலையில எல்லாரும் வேன் ஏறிக்கினு இருந்தோம். நைனா புது வேட்டி கட்டிக்கினு, பழக்க தோஷம், காலண்டர்கிட்ட போனாரு. முந்தின நாளு கல்யாண அலைச்சல்ல கிழிக்காம உட்ட பதினொன்னு இன்னும் தொங்குச்சி. சீட்ட லைட்டா தூக்கி கீழ பாத்தாரு. பதிமூணு. அப்டியே நின்னாரு. கிழிச்சா இன்னிக்கி இல்லாம போயிடும். கிழிக்கலன்னா நேத்துதான் இருக்கும்.

கைய எடுத்துட்டாரு. அன்னிக்கி முழுக்க எங்க ஊட்ல பதினொன்னாந்தேதியே தொங்குச்சி.

சாயங்காலம் அக்கா கெளம்பிட்டா. அந்த நாள் வந்துச்சி, கெளம்பிட்டா. சீட்டுல இருந்த மாதிரியேதான். மாமா மண்டப வாசல்ல சேர் போட்டு கடைசி வரைக்கும் காவல் இருந்தாரு. எவனும் வரல. "பாத்தியா க்கா, நம்ம உஷாரா இருந்ததால பையன் பயந்துட்டான்," ன்னாரு. அம்மா தலயாட்டுனா.

இப்ப அக்காவுக்கு ரெண்டு பசங்க. அவ ஊட்டுக்காரரு தங்கமான ஆளு. கெட்டவரா இருந்திருந்தா சண்ட போடவாச்சும் ஒரு ஆளு கெடச்சிருக்கும். நான் காலேஜ் முடிச்சிட்டேன். என்ன யாரும் ஒன்னும் கேக்கல. என் போன்ல ஆயிரம் லைன் சேவ் பண்ணி வெச்சிருக்கேன், எவனும் திருப்பிப் பாத்து தேதி கேக்கல. அக்கா ஸ்டேட்டஸ்ல சாமி படம் மட்டும்தான் வரும். ஒரு எழுத்து இருக்காது.

அம்மாவுக்கு ஒருவாட்டி எல்லாத்தையும் பொறுமையா வெளக்குனேன். கேட்டுக்கினா. "அன்னிக்கி புக்க காட்டியிருந்தா நம்பியிருப்பேனே," ன்னா. அப்பறம், "நல்லாத்தானே கீறா?" ன்னு என்னையே கேட்டா.

அந்த லைன எல்லா எடத்துலயும் தட்டித் தேடிட்டேன். நெட்ல இல்ல. லைப்ரரில கேட்டா, "புக்கு பேரு சொல்லும்மா," ங்கறாங்க. பழைய புக்கு கடக்காரரு, "எழுதுனவரு பேராச்சும்?" ங்கறாரு. திரும்ப திரும்ப எங்க மாமா கேட்ட அதே ரெண்டு கேள்வி.

போன வாரம் அக்கா வந்திருந்தா. மொச்சக்கொட்ட உரிச்சிக்கினு இருந்தோம். அம்மா கடைக்குப் போயிருந்தா. ஏதோ ஒரு தைரியத்துல கேட்டுட்டேன்.

"அந்த நர்ஸ் கடைசில அவ அம்மா ஊட்டுக்குப் போனாளா க்கா?"

எந்த நர்ஸுன்னு அவ கேக்கல.

"தெரியாதுடி. கடைசியில கொஞ்சம் பக்கம் பாக்கி இருந்துது. அம்மா அன்னிக்கி சீக்கிரமே கெளம்பிட்டா. மேஸ்திரிகிட்ட சொல்லி இன்னொரு நாளு வெச்சிக்கலாம்னு குடுத்துட்டேன்." மொச்சக்கொட்டைய கிண்ணத்துல போட்டா. "போயிருப்பாதான். கதவு தொறந்திருந்துதான்னுதான் தெரில."

அம்மா வர்ற செருப்பு சத்தம் கேட்டுச்சி. அக்கா எழுந்து தோல கொட்டப் போயிட்டா.

அதான் கேக்குறேன். பழைய புக்கு. தூர ஊர்ல ஒரு நர்ஸ், பதில் போடாத ஒரு அம்மா. லைன் மேல போட்ருக்கேன், வார்த்த மாறாம. புக்கு பேரு கூட வேணாம், எழுதுனது யாருன்னும் வேணாம். நல்ல புக்கா மொக்க புக்கான்னு ரிவ்யூவும் வேணாம்.

உங்கள்ல யாராச்சும் கடைசி வரைக்கும் படிச்சிருக்கீங்களா? அவ அம்மா கதவ தாழ் போட்டுட்டாளா, இல்ல தொறந்து வெச்சிருந்தாளா?